தேதி போடாத நம்பிக்கை: ஒன்றும் பிடிபடாத காலத்தில் ஆண்டவரை நம்புவது எப்படி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அதில் ஒன்றை எடுத்தேன். எரேமியா 29:11. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு' என்று ஆரம்பிக்கிற வசனம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மனைவி அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மார்ச் மாதம் எனக்கு வேலை போனது. அதற்கப்புறம் 11 மாதம், அந்த அட்டை கண்ணில் படாமல் தண்ணீர் பாட்டிலை எடுப்பது எப்படி என்று பழகிக்கொண்டேன்.

இந்தக் கட்டுரை அந்த 11 மாதத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது. நான் போதகர் இல்லை. ஞாயிறு பள்ளியில் சில வருடம் பாடம் எடுத்தவன், அவ்வளவுதான். வசனமெல்லாம் மனப்பாடமாக இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை. நீங்கள் புதிதாக ஜெபிக்க ஆரம்பித்தவராக இருக்கலாம், அல்லது பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போய் வந்தும் இப்போதுதான் முதல் தடவையாக அது உண்மையிலேயே தேவைப்படுகிறவராக இருக்கலாம். வேலை, பரிசோதனை முடிவு, விசா, பிள்ளையின் கல்யாணம், எதுவானாலும் சரி. தேவையானது ஒரு பைபிள், ஒரு 40 பக்க நோட்டு, தினமும் ஒரு கால் மணி நேரம்.

முதலில், அட்டையில் இல்லாததைப் படியுங்கள்

எந்த வசனம் உங்களைத் தூக்கி நிறுத்துகிறதோ அல்லது உறுத்துகிறதோ, அது இருக்கிற அதிகாரத்தை முழுசாகப் படியுங்கள். முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் சேர்த்துப் படித்தால் இன்னும் நல்லது. நான் இதைச் செய்தது வேலை போய் மூன்றாவது மாதத்தில், அதுவும் கோபத்தில், 'அப்படி என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போம்' என்று.

எரேமியா 27 முதல் 29 வரை ஒரே மூச்சில் படித்தால் கதை இதுதான். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் அவன் வீட்டாரையும் தச்சர், கொல்லர் என்று கைத்தொழில் தெரிந்தவர்களையும் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டான். 10,000 பேர் என்று 2 இராஜாக்கள் 24 சொல்கிறது. அங்கே போனவர்களுக்கும் இங்கே மிச்சமிருந்தவர்களுக்கும் ஒரே கேள்வி: இது எப்போது முடியும்? அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழுந்து, தேவாலயத்தில் எல்லோருக்கும் முன்னால், இரண்டே வருடம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகத் தீர்க்கதரிசி எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைக் கழற்றி உடைத்தும் காட்டினான். கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். எரேமியாவே முதலில் ஆமென் என்றுதான் சொன்னார், கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்று. அவருக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை.

ஆனால் அது பொய். அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனுக்கு அனுப்பிய கடிதம் வருகிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊருக்காகவே ஜெபம் பண்ணுங்கள். 10-ம் வசனம் 70 வருடம் என்கிறது. அதற்கு அடுத்ததுதான் என் பிரிட்ஜ் கதவில் இருந்த 11-ம் வசனம்! அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்த 35 வயதுத் தச்சன் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான், தான் ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று. கி.மு. 538-ல் பாபிலோனைப் பிடித்த பெர்சிய ராஜா கோரேசு திரும்பிப் போக அனுமதி கொடுத்தபோது, கிளம்பியவர்களில் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இருந்திருப்பார்கள்.

இதைப் படித்து நான் ஆறுதல் அடையவில்லை, முதலில் அதிர்ச்சிதான். அப்புறம் மெதுவாக ஒன்று புரிந்தது. நான் இத்தனை நாளும் நம்பிக்கை என்று வைத்திருந்தது அனனியாவின் சரக்கு. ஈஸ்டருக்குள் கிடைத்துவிடும், ஜூனுக்குள் கிடைத்துவிடும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கிடைத்துவிடும். ஒவ்வொரு தேதியும் தாண்டும்போது ஆண்டவர் வாக்குத் தவறியதுபோல் இருந்தது, அவர் அந்தத் தேதியைக் கொடுக்கவே இல்லை என்றாலும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்: நோட்டின் முதல் பக்கத்தில், நீங்களாக மனசுக்குள் போட்டு வைத்திருக்கும் தேதிகளை எழுதி, அவற்றின்மேல் ஒரு கோடு போடுங்கள். வலிக்கும். போடுங்கள்.

அப்புறம், முறையிடுங்கள்

நம்புகிறவன் குறை சொல்லக் கூடாது, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். பைபிளில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடு. நம் பாட்டுப் புத்தகத்தில் அந்தக் கணக்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

13-ம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள். ஆறே வசனம். அதில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர், எதுவரைக்கும் எனக்குள்ளே யோசித்து யோசித்துச் சஞ்சலப்படுவேன், எதுவரைக்கும் எதிரி என்மேல் ஏறி நிற்பான். சத்தமாக இரண்டு தடவை வாசியுங்கள். அப்புறம் நோட்டை எடுத்து அதே வடிவத்தில் உங்களுடையதை எழுதுங்கள்.

முதலில் யாரிடம் பேசுகிறீர்கள் என்று கூப்பிடுங்கள். கர்த்தாவே, ஆண்டவரே, அப்பா, உங்கள் வாயில் எது வருகிறதோ அது. பிறகு உங்கள் 'எதுவரைக்கும்'களை எழுதுங்கள், அலங்காரம் வேண்டாம். நான் எழுதிய முதல் வரி: 'ஆண்டவரே, எதுவரைக்கும் நான் வேலைக்குப் போகிறவன்போல் சட்டையை டக் இன் பண்ணிக்கொண்டு, கீழ்வீட்டுக்காரர் பார்க்கும்படி ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்?' எழுதி முடித்ததும் அழுதேன், கொஞ்சம் சிரித்தேன். மறுநாளிலிருந்து டீக்கடைக்குப் போகவில்லை, கீழ்வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. தனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்றார்.

மூன்றாவதாக, வேண்டியதைக் கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். சங்கீதக்காரன் என்னை நோக்கிப் பார்த்துப் பதில் கொடும், என் கண்களைத் தெளிவாக்கும் என்று கேட்கிறான். 'எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்' என்று பொதுவாகக் கேட்டு முடித்துவிடாதீர்கள். 12-ம் தேதி நேர்காணலில் நாக்குக் குழறாமல் பேச வேண்டும், அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லத் தைரியம் வேண்டும், இன்றைக்கு ராத்திரி தூக்கம் வேண்டும், இப்படி.

கடைசியாக ஒரு 'ஆனாலும்'. 5-ம் வசனத்தில் தொனியே மாறுகிறது, உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்கிறான். 4-ம் வசனத்துக்கும் 5-ம் வசனத்துக்கும் நடுவில் அவன் சூழ்நிலையில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. எதிரி அங்கேயேதான் நிற்கிறான். நம்பிக்கை என்பது மனசு லேசான பிறகு வருவது என்று நினைத்திருந்த எனக்கு இது புதிதாக இருந்தது, மனசு கனத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருவது மாதிரி.

அந்த 'ஆனாலும்' சில நாள் வராது. வராவிட்டால் பொய்யாக எழுத வேண்டாம். 88-ம் சங்கீதம் இருக்கிறது, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இருட்டுதான், ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. அப்படி ஒன்றையும் எடுத்து பைபிளுக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பல ராத்திரிகள் போதுமாக இருந்தது. கவனியுங்கள், அதை எழுதியவனும் கர்த்தரைப் பார்த்துத்தான் புலம்புகிறான். முதுகைக் காட்டிக்கொண்டு இல்லை.

ஜெபமும் காவலும்

நோட்டில் அடுத்த பக்கத்தை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் என் கையில் இருப்பது, வலது பக்கம் என் கையில் இல்லாதது. நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் தாக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்ன செய்தார் என்று 4-ம் அதிகாரத்தில் பாருங்கள்: தேவனை நோக்கி ஜெபம் பண்ணினோம், இரவும் பகலும் காவல்காரரை வைத்தோம். ஒரே வசனத்தில் இரண்டும். ஜெபம் பண்ணியாகிவிட்டது, காவல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எசேக்கியா ராஜா சாகக்கிடந்து அழுது ஜெபித்தபோதும், உன்னைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் சொன்ன பிறகுதான் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொல்கிறார். அந்தக் காலத்து வைத்தியம் அது.

அதனால் இடது பக்கத்தை நன்றாக நிரப்புங்கள். இ.எம்.ஐ. தவறுவதற்கு முன்னாலேயே வங்கிக்குப் போய்ப் பேசுவது (தவறின பிறகு போனால் அவர்கள் பேசுகிற தொனியே வேறு, அனுபவம்). பழைய சக ஊழியர்கள் 20 பேருக்கு போன் பண்ணுவது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை வேளை தவறாமல் சாப்பிடுவது. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னால் அந்த அத்திப்பழ அடையை ஞாபகப்படுத்துங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வலது பக்கம்: அந்த கம்பெனி ஆள் எடுக்குமா, பயாப்ஸி முடிவு என்ன வரும், தூதரகத்தில் எந்த அதிகாரி நம் கோப்பைப் பார்ப்பார். இவற்றைத்தான் ராத்திரி முழுக்க உருட்டிக்கொண்டிருப்போம். ஜெபத்தில் வலது பக்கத்தை வரி வரியாக வாசித்து, இது உம்முடையது என்று சொல்லுங்கள். மறுநாள் காலையில் அதெல்லாம் திரும்ப உங்கள் தலையில்தான் இருக்கும். திரும்பவும் வாசியுங்கள். எனக்கு அது ஒருநாளும் ஒரே தடவையில் முடிந்ததில்லை.

ஒரு நாள் அளவுக்கு

மன்னா கதை தெரிந்திருக்கும். யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் தினமும் காலையில் தலைக்கு ஓர் ஓமர் அளவு எடுத்துக்கொள்ளலாம், நாளைக்கு என்று மீதி வைத்தால் புழுத்து நாறும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு. சின்ன வயதில் இதை அதிசயக் கதையாகத்தான் கேட்டேன். வேலையில்லாத நாளில் படித்தபோது அந்த மீதி வைத்தவர்கள்மேல் இரக்கம் வந்தது. வைக்கத்தானே செய்வார்கள்? எகிப்திலிருந்து நேற்று வந்த ஜனம், நாளைக்கு வரும் என்று எப்படித் தெரியும்? நம்புவது என்பதை ஒவ்வொரு காலையும் ஒரு கூடை அளவுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறார், 40 வருடம்.

எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு சட்டம் போட்டோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பணத்தைப் பற்றிப் பேச்சு இல்லை. பணக் கணக்கு சனிக்கிழமை காலை காபிக்கு அப்புறம், நோட்டை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து. நடுவில் பயம் வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுவிட வேண்டும், சனிக்கிழமை எடுக்கலாம். பாதிச் சீட்டுகள் சனிக்கிழமை பார்க்கும்போது காலாவதி ஆகியிருக்கும். 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்' என்று இயேசு சொன்னது கவிதையாக இல்லை, வீட்டு நிர்வாகமாகத்தான் எனக்குப் புரிந்தது.

உடம்பை மறக்காதீர்கள். எலியா பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் தூங்குகிறார், திரும்ப எழுப்பி இன்னொரு தடவை சாப்பாடு. (நம் பைபிளில் அடை என்றுதான் இருக்கிறது. நான் சின்ன வயதில் அவியலும் இருந்ததா என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.) கடவுள் எலியாவிடம் பேசியது அதற்கெல்லாம் அப்புறம்தான். தூங்காமல், சாப்பிடாமல் இருக்கும் உடம்பில் எந்த வசனமும் ஒட்டாது.

எலியா சொன்ன அதே வார்த்தை உங்களுக்கும் தோன்றினால், சாக வேண்டும் என்று தோன்றினால், அதை நோட்டில் எழுதிவிட்டு மூடி வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆளிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் போன் பண்ணலாம், தமிழிலேயே பேசுவார்கள். இதைச் செய்வது விசுவாசக் குறைவு இல்லை.

கயிறு

எபிரெய மொழியில் நம்பிக்கைக்கு 'திக்வா' என்று ஒரு சொல். எரிகோவில் ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிறு இருக்கிறதே, யோசுவா 2, அந்தக் கயிற்றுக்கும் அங்கே இதே சொல்தான். நகரமே விழப்போகிறது, அவள் கையில் இருந்தது ஒரு கயிறும், அவள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய இரண்டு அந்நியர்கள் உன் வீட்டாரைத் தப்பவிடுவோம் என்று கொடுத்த வாக்கும். கட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

கயிறு ஒரே இழையில் வராது, முறுக்க முறுக்கத்தான் வரும். 13-ம் சங்கீதத்தின் கடைசி வரி, கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன் என்கிறது, அதாவது பழைய கணக்கைப் பார்த்துப் பேசுகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னாலிருந்து முன்னாக அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். பெரிய அற்புதம் வேண்டாம். என்னுடையதில் இருக்கும் ஒரு வரி: 'வாடகை கொடுக்க வேண்டிய நாளில் சித்தப்பா வந்து, அவராகவே, நான் கேட்காமல்.' தேதியும் போட்டிருக்கிறேன். நடந்து முடிந்ததுக்குத் தேதி போடலாம், அதில் தப்பில்லை.

வில்லங்கம் உள்ள நிலத்தை வாங்குவது

இந்தப் படியைத்தான் நான் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது, ஊர் விழப்போகிறது என்று எரேமியாவே சொல்லி, அதற்காகக் காவற்சாலை முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் சித்தப்பா பெரியப்பா வழிச் சொந்தக்காரர் ஒருவர் வந்து, ஆனதோத்தில் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். அந்த நிலத்துக்கு இன்றைக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால் நேபுகாத்நேச்சார் படை முழுக்க அதில் வரும். எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்து, பத்திரம் எழுதி முத்திரை போட்டு, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, ரொம்ப நாள் இருக்கும்படி அதை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். வீடுகளும் நிலங்களும் திராட்சைத்தோட்டங்களும் இந்தத் தேசத்தில் திரும்பவும் வாங்கப்படும் என்பதுதான் செய்தி.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. எல்லாம் முடித்துப் பத்திரத்தையும் கொடுத்த பிறகுதான் எரேமியா ஜெபத்தில் உட்கார்ந்து, ஊர் கல்தேயர் (பாபிலோன்காரர்) கையில் போய்க்கொண்டிருக்கிறதே, இந்த நேரத்தில் நிலத்தை வாங்கு என்று சொன்னீரே என்று இழுக்கிறார். சந்தேகம் தீர்ந்து வாங்கவில்லை. வாங்கிவிட்டுத்தான் கேட்டார்.

நாங்கள் அப்போது வாடகை வீட்டில் இருந்தோம். பின்னால் கொஞ்சம் மண் தரை. மனைவி முருங்கைக் கொம்பு ஒன்று வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலை கிடைத்தால் வேற ஊருக்குப் போக வேண்டியிருக்கும், இரண்டு மாதத்தில் காலி பண்ணுவோம், எதற்கு என்பேன். இரண்டு மாதம், இரண்டு மாதம் என்று ஏழு மாதம் போய்விட்டது. பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்க்கவில்லை, பக்கத்துக் கோயிலில் பாடகர் குழுவுக்குக் கூப்பிட்டார்கள் போகவில்லை, பல் வலியைக்கூட வேலை கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். வாழ்வதையே ஒத்திப் போட்டுவிட்டு அதற்குக் காத்திருப்பு என்று பெயர் வைத்திருந்தேன். தோட்டம் போடுங்கள் என்று கடிதத்தில் அத்தனை தெளிவாக எழுதியிருக்கிறது.

ஐப்பசியில் வைத்த முதல் கொம்பு மழைத் தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது. இரண்டாவதை மேடாக்கி வைத்தோம், பிடித்துக்கொண்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: 'இது முடிந்ததும்' என்று தள்ளி வைத்திருப்பவற்றை எழுதுங்கள். அதில் காசு அதிகம் கேட்காத ஒன்றை இந்த வாரமே ஆரம்பியுங்கள். கடன் வாங்கி எதையும் செய்ய வேண்டாம், அது விசுவாசம் இல்லை, சூதாட்டம்; எரேமியா கையில் இருந்த வெள்ளியைத்தான் நிறுத்துக் கொடுத்தார். உங்கள் ஊருக்காகவும் ஜெபியுங்கள், நீங்கள் விட்டுப் போக நினைக்கிற ஊராக இருந்தாலும்.

யாரிடம் சொல்வது, யாரிடம் தப்பிப்பது

இரண்டு பேர் போதும். ஊர் முழுக்க ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப்பில் போட்டால் தினமும் 'என்ன ஆச்சு' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதே ஒரு வேலையாகிவிடும். ஒருவர் உங்களோடு உட்கார்ந்து ஜெபிக்கக்கூடியவர், இன்னொருவர் நடைமுறை விஷயம் தெரிந்தவர். ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

தேதி சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதை. இன்னும் 40 நாளில் திறக்கும், இந்த மாதக் கடைசிக்குள் அற்புதம் என்று யாராவது அடித்துச் சொன்னால் அனனியா உடைத்த நுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேதியோடு சேர்த்துக் காணிக்கைத் தொகையும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கும் ஒருவர் சொன்னார், ஒரு தொகையை விதையாக விதைத்தால் பலமடங்கு வரும் என்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் கொடுத்தேன். அந்தப் பணத்தில் பல் டாக்டரைப் பார்த்திருக்கலாம்.

'உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான்' என்கிறவர்களுக்குச் சண்டை போட வேண்டாம். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார், நீங்கவில்லை, கிருபை போதும் என்றுதான் பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல அவர்களுக்கும் வாய் வராது.

பதில் வந்தால், வேறு மாதிரி வந்தால்

11-வது மாதம் எனக்கு வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கோயிலில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், சொன்னேன். ஆனால் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே நோட்டில், வேலைக்கான ஜெபத்துக்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது: சித்தப்பாவுக்குப் புற்றுநோய் குணமாக வேண்டும். வாடகை கொடுத்த அதே சித்தப்பா. ஒன்பதாவது மாதம் அவர் போய்விட்டார். ஒரே பக்கம், ஒரே பேனா, ஒரே அளவு நம்பிக்கையோடு கேட்டது. ஒன்று இப்படி, ஒன்று அப்படி. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. அந்த வரியை நான் அடிக்கவில்லை, அதற்குக் கீழே 13-ம் சங்கீதம் மாதிரி இன்னொரு 'எதுவரைக்கும்' எழுதினேன். அந்த அட்டை இன்னும் பிரிட்ஜில்தான் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் எடுக்க முடிகிறது.

அதனால் உங்கள் நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பதில் வந்த வரிக்குப் பக்கத்தில் என்ன வந்தது என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள், கேட்டதைவிடக் குறைவாக வந்திருந்தால் குறைவு என்றே எழுதுங்கள். வராததை அப்படியே திறந்து வையுங்கள்.

நோட்டு ஓரளவு நிரம்பும்போது உங்களைத் தேடி யாராவது வருவார்கள், அல்லது நீங்கள் ஒரு வீட்டுக்குப் போக வேண்டி வரும். அப்போது வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படி ஏறாதீர்கள். சாப்பாடு கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டுமா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரட்டுமா என்று கேளுங்கள். யோபுவின் நண்பர்கள் வந்ததும் ஏழு நாள் ராத்திரி பகல் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். அப்புறம் வாய் திறந்து விளக்கம் சொல்லப்போய்த்தான் கெட்டது. கொண்டு போன டிபன் கேரியரைத் திரும்ப வாங்கவும் அவசரப்பட வேண்டாம், அதைக் கழுவிக் கொடுக்கிற சாக்கில் அவர்கள் இன்னொரு நாள் உங்களிடம் வந்து பேசுவார்கள்.